கைப்பும் கசப்பும்

நம் சிறுபத்திரிகைகளில் ஒரு புத்தகத்தைப் பாராட்ட வேண்டுமென்றால் கைக்கு முதலில் அகப்படும் சொல் கசப்பு. கவிஞனின் கசப்பு உண்மையானது. நாவலில் ஒரு காலகட்டத்தின் கசப்பு திரண்டிருக்கிறது. கடைசிப் பக்கத்தை மூடிய பிறகும் நாவில் கசப்பு தங்குகிறது. இவற்றையெல்லாம் நானும் எழுதியிருக்கிறேன். எழுதும்போது பெரிதாக எதையும் யோசித்ததில்லை. இனிப்பு வணிகப் பத்திரிகைக்காரர்களுடையது, ஆகவே கசப்பு நம்முடையது என்று ஒரு பாகப்பிரிவினை எப்போதோ நடந்து முடிந்திருந்தது. நாம் நமது பங்கை அனுபவித்துக்கொண்டிருந்தோம். இப்போது எனக்கு எழும் கேள்வி எளிமையானது. இந்தக் கசப்பு யாருடைய நாக்கில் இருக்கிறது? எழுதியவனுடையதிலா, எழுதப்பட்டவனுடையதிலா, படிப்பவனுடையதிலா? மூன்றும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்ட இடத்தில்தான் நமது விமர்சனம் வழுக்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

கேள்வியைக் கன்னிவாடியில் வைத்துப் பார்ப்பது எனக்கு வசதி. திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனி மலைத்தொடரின் காலடியில் இருக்கும் ஊர். கீழே மானாவாரியும் கிணற்றுப் பாசனமுமாகச் சமவெளி. இங்கே வேம்பு யாரும் நட்டு வளர்த்த மரமல்ல, இருக்கிற மரம். தருமத்துப்பட்டி வழியாக மலை ஏறினால் ஆடலூர், பன்றிமலை. அங்கே காப்பித் தோட்டங்கள். வேம்பு, காப்பி என்று இரண்டு கசப்புகள் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடுகின்றன. ஒன்று வாசலில் கிடப்பது, இன்னொன்று பழகிக்கொண்டது. இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும்.

ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும். பெண்களும் பிள்ளைகளும் பொறுக்கி, சதையைக் கழுவி, கொட்டையை உலர்த்தி வியாபாரியிடம் போடுவார்கள். பழுத்த பழத்தின் சதை இனிக்கும். வழவழவென்று ஓர் அசட்டு இனிப்பு. காக்கையும் குழந்தைகளும் அதைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்பிவிடும். வியாபாரி விலை வைப்பது அந்தக் கொட்டைக்குத்தான்; இனிப்பு தண்ணீரோடு போய்விடுகிறது. வேப்பெண்ணெயைப் பூஞ்சைக்கொல்லியாகப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவின் கிரேஸ் கம்பெனியும் அந்நாட்டு விவசாயத் துறையும் சேர்ந்து ஐரோப்பாவில் காப்புரிமை பெற்றிருந்தன. அது 2000இல் ரத்தாயிற்று. 2005இல் மேல்முறையீட்டிலும் ரத்து உறுதியாயிற்று. வெற்றி நமக்கு என்று பத்திரிகைகள் எழுதின. கொட்டை பொறுக்கியவளுக்குக் கூடை ஒன்றுக்குக் கிடைத்தது அதனால் கூடியதாகத் தெரியவில்லை. கசப்புக்கு ஒரு சந்தை உண்டு என்பதும், அதைப் பொறுக்குகிறவரும் விற்கிறவரும் வேறு வேறு ஆட்கள் என்பதும் இலக்கியத்துக்கு வெளியே நன்றாகத் தெரிந்த விஷயங்கள்.

பழைய சொல் கைப்பு. மலையாளத்தில் இன்றும் அதுதான் வழக்கு, கன்னடத்தில் கஹி. கைத்தல் என்றால் கசத்தல், வெறுத்தலும் அதுவே. சுவையும் மனநிலையும் ஒரே வேரில் இருந்தாலும் அந்த வினைக்கு எப்போதும் ஓர் இலக்கு உண்டு. ஏதோ ஒன்று கைக்கிறது, யாருக்கோ கைக்கிறது. நாம் விமர்சனத்தில் புழங்கும் கசப்புக்கு இந்த இரண்டு முனைகளும் கழன்றுவிட்டன. மூட்டம்போல அது பொதுவாகப் படைப்பின் மேல் கவிந்திருக்கிறது.

ஊர்ப்பேச்சு இதில் நம்மைவிடக் கறாரானது. பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் என்று கசக்கும் கொடிகளுக்கெல்லாம் ஒரே அடைமொழி. வீட்டுக் கூரையில் படர்ந்தால் சுரை. வேலிக்கு அப்பால் படர்ந்து கசந்தால் பேய்ச்சுரை. கசப்பு என்பது எல்லைக்கு வெளியே நிற்பதன் அடையாளமாகப் பெயரிலேயே ஏறிவிட்டது. வைத்தியன் மட்டும் தேவைப்படும்போது வேலி தாண்டிப் போய்ப் பறித்துவருவான். பட்டினத்தார் கையிலும் பேய்க்கரும்பு இருந்தது. அது எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கே முக்தி என்று கதை, திருவொற்றியூரில் இனித்ததாம். பக்தர்கள் இந்தக் கதையை முடிவுக்காகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, அதுவரை ஊர் ஊராக அவர் அதைக் கடித்துப் பார்த்துக்கொண்டே வந்திருக்க வேண்டும் என்பது. கசப்பைச் சொந்த நாவில் சோதித்துச் சொன்ன ஆள் அவர்.

குறுந்தொகையின் 196ஆம் பாட்டு மிளைக் கந்தனுடையது. வாயில் வேண்டி வந்து நிற்கும் தலைவனிடம் தோழி பேசுகிறாள். அந்த நாளில் தலைவி வேம்பின் பச்சைக்காயைக் கொடுத்தபோதுகூட அவனுக்கு அது வெல்லக்கட்டியாக இருந்தது. இப்போது பாரியின் பறம்பு மலைச் சுனையிலிருந்து தை மாதத்துக் குளிர்நீரைக் கொடுத்தாலும் சுடுகிறது, உவர்க்கிறது என்கிறான். செய்தி இவ்வளவே. ஆனால் கவிஞன் பழத்தைச் சொல்லவில்லை, காயைச் சொல்கிறான். பழமாக இருந்தால் இனித்தது என்பதில் வியப்பில்லை. வேம்பைத் தின்று பார்த்தவனின் தேர்வு இது. அடுத்தது, கசப்பு காயினுடையது. அதை இனிப்பென்றது தலைவனின் நாக்கு. சுனைநீர் அதே சுனைநீர். அது உவர்க்கிறது என்பதும் அவன் நாக்குத்தான். பொருளின் சுவை எது, உண்பவனின் சுவை எது என்று தோழி தனித்தனியாகப் பிரித்து வைத்துவிடுகிறாள். தலைவியின் மனக்கசப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவள் கொடுத்ததையும் அவன் சொன்னதையும் அடுத்தடுத்து வைத்ததோடு சரி. கசப்பு யாருடையது என்ற கேள்விக்கு இத்தனை துல்லியமான பதிலை நவீன கவிதையில் நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொன்று. நாக்கின் சுவைகள் ஆறு என்றும் அவற்றில் ஒன்று கைப்பு என்றும் வைத்தியம் கணக்கு வைத்தது. சித்த மருத்துவத்தில் கைப்பு காற்றும் ஆகாயமும் சேர்ந்தது; பிடிக்க எதுவுமில்லாத இரண்டு பூதங்கள். ஆனால் மனதின் சுவைகளை எண்ணிய தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் எட்டில் ஒன்றாகக்கூடக் கசப்பு இல்லை. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அருகில் வருவது இளிவரல். அது பிறக்கும் இடங்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்று நான்கு சொல்லப்படுகின்றன. மென்மைக்கு வறுமை என்று உரை உண்டு. நவீன கவிதைத் தொகுப்பொன்றின் பொருளடக்கம் போல இருக்கிறது. ஆனால் இளிவரல் கசப்பு அல்ல. இளிவரலில் ஒருவன் தான் சிறுத்துப்போனதை உணர்கிறான். கசப்பில் அவனுக்கு ஒரு மேட்டிடம் கிடைத்துவிடுகிறது. அங்கே நின்று உலகம் சிறுத்துப்போனதைப் பார்க்கிறான். வேம்பைப் போர்ப்பூவாகச் சூடிய பாண்டியனின் நாட்டில் இந்த உணர்ச்சிக்கு இலக்கணத்தில் இடமில்லாமல் போனது தற்செயலா என்று தெரியவில்லை. எனக்கு அது விடுபட்டதாகத் தோன்றவில்லை. ஒரு நிலையான பாவமாக அதைக் கருதும் தேவையே அன்று எழவில்லை என்றுதான் தோன்றுகிறது.

தேவை நமக்கு எழுந்தது. கன்னிவாடிக்குத் தெற்கே வத்தலக்குண்டு. ராஜமய்யர், பி.எஸ். ராமையா, சி.சு. செல்லப்பா ஆகிய மூவருக்கும் ஊர் அதுதான். செல்லப்பா 1959இல் தொடங்கி 1970 வரை நடத்திய 'எழுத்து'வில்தான் புதுக்கவிதைக்கு ஒரு முகம் வந்தது. அந்த முகத்தில் நாம் நினைவில் வைத்துக்கொண்ட பாவனை கசப்பு. பிச்சமூர்த்தியிடம் அது கிடையாது. அவரை மரியாதையோடு முன்னோடி என்று நகர்த்திவிட்டோம். சி. மணியின் 'நரகம்' 1962இல் வந்தது. இன்று திரும்பப் படித்தாலும் அது நிற்கிறது என்பதே என் கருத்து. நகரத்தை வெறுக்கும் அதன் கண் அதே நகரத்தைக் காமத்தோடு பார்த்துக்கொண்டும் இருக்கிறது. வெறுப்பு கடைசியில் பார்ப்பவன் மேலேயே வந்து விழுகிறது. அந்தக் கசப்புக்கு இலக்கு உண்டு, விலாசம் உண்டு. பின்னால் வந்தவர்கள் குரலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆத்மாநாமைக்கூடக் கசப்பின் கவியாகவே படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவருடைய ரோஜாப் பதியன்களை எப்படித்தான் மிதிக்காமல் தாண்டிப் போகிறார்களோ.

இந்தக் கசப்புப் பரம்பரைக்கு மூலபுருஷராக நாம் நிறுத்திவைத்திருப்பவர் புதுமைப்பித்தன். நம்பிக்கை வறட்சி என்ற சொல்லைத் தன் கதைகளுக்குப் பொருத்தி அவரே ஒப்புக்கொண்டிருப்பதால் வேலை சுலபமாகிவிட்டது. 'பொன்னகரம்' (1934) எல்லோரும் எடுத்துக்காட்டும் கதை. அடிபட்டுக் கிடக்கும் வண்டிக்காரப் புருஷனுக்குப் பால்கஞ்சி வேண்டும். மில் கூலியான அம்மாளு இருட்டுச் சந்துக்குப் போய்விட்டு முக்கால் ரூபாயோடு வருகிறாள். கதைசொல்லி கற்பைப் பற்றிப் பேசுகிறவர்களை நோக்கி ஒரு வார்த்தை வீசிவிட்டு முடித்துவிடுகிறான். அந்தக் கடைசி வீச்சின் கசப்பு யாருடையது? அம்மாளுவினுடையது அல்ல. அவள் காரியத்தை முடித்துக்கொண்டு கஞ்சிக்குப் போய்விட்டாள். அது கதைசொல்லிக்கும் வாசகனுக்கும் நடுவில், அவள் தலைக்கு மேலே, படித்தவர்களுக்குள் நடக்கும் சண்டை. கூர்மையான சண்டைதான், அந்தக் காலத்துக்கு அவசியமான சண்டையுங்கூட. ஆனாலும் கதை அவளை அங்கே விட்டுவிடுகிறது.

'செல்லம்மாள்' அப்படி அல்ல. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை நோயாளி மனைவியோடு பட்டணத்தின் ஒதுக்குப்புறத்தில் காலம் தள்ளுகிறார், அவள் சாகிறாள், வெந்நீர் வைத்துப் பிணத்தைக் குளிப்பாட்டுகிறார். யாரை நோக்கியும் வீச்சு இல்லை. பிள்ளையின் மனதில் பச்சாதாபமும் சலிப்பும் நிம்மதியும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று கதை நிறுத்துச் சொல்வதில்லை. சுவைக்குப் பெயர் சொல்லாமலேயே நம் வாயில் வைத்துவிடுகிறது. 'பொன்னகரம்' புதுமைப்பித்தனின் கசப்பு. 'செல்லம்மாள்' அந்த வீட்டினுடைய கசப்பு. இரண்டில் எது பெரிய கதை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நமது இயக்கம் வரித்துக்கொண்டது முதலாவதன் குரலை.

இந்தக் குரலுக்கு ஆதரவாக எப்போதும் ஓர் உவமை தயாராக இருக்கும்: மருந்து கசக்கத்தான் செய்யும். எழுத்தாளன் வைத்தியன், சமூகம் நோயாளி. சீர்திருத்தக் காலத்து நாவலாசிரியர்கள் கொய்னாவுக்குச் சர்க்கரை பூசினார்கள். நாம் பூச்சை உரித்துவிட்டோம், அவ்வளவுதான். இந்த உவமையில் கஷாயத்தைக் கொடுப்பவன் ஒருநாளும் குடிப்பதில்லை என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. வீட்டில் அப்படி இல்லை. பாகற்காயை நறுக்கி, உப்பில் பிசறிப் பிழிந்து, புளியும் வெல்லமும் எவ்வளவு என்று தீர்மானிக்கிறவள் அதைத் தானும் தின்கிறாள். மலைச்சுண்டையை மோரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைத்து மறுபடி ஊறப்போடுகிறவளுக்குக் கசப்பை ஒழிப்பது நோக்கமல்ல, நாவுக்கு ஏற்ற அளவில் நிறுத்துவதுதான் நோக்கம். குழந்தைக்குப் பால் மறக்கடிக்க முலைக்காம்பில் வேப்பிலையை அரைத்துப் பூசிக்கொள்வது நம் கிராமங்களில் இருந்த வழக்கம். நம்மில் பலருக்கு முதல் கசப்பு அங்கிருந்துதான் வந்தது. குழந்தையின் அதிர்ச்சியை வைத்து எத்தனையோ எழுதலாம், எழுதியும் இருப்போம். அன்று இரவு பால் கட்டிய மார்போடு விழித்துக் கிடந்தவளின் பக்கத்திலிருந்து எழுதினவர் யார்?

காந்தி தன் ஆசிரமத்தில் வேப்பிலைத் துவையல் தின்றார், விருந்தினருக்கும் பரிமாறினார். நாக்கை அடக்குவது, அஸ்வாதம், ஆசிரம விரதங்களில் ஒன்று. திண்டுக்கல்லுக்கு அருகே 1947இல் சௌந்தரமும் ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம் இன்றும் சித்த, ஆயுர்வேத மருந்துகள் செய்கிறது. காந்தியின் வேம்பில் எனக்கு மரியாதை உண்டு. அவர் கொடுத்ததைத் தானும் தின்றார். ஆனால் அது தேர்ந்துகொண்ட கசப்பு. வேண்டாம் என்று தள்ளும் உரிமை இருந்தவர் வேண்டும் என்று எடுத்துக்கொண்டது. நமது எழுத்தாளர்களுடையதும் பெரும்பாலும் இந்த ரகம்தான், விரதம் என்ற பெயர் மட்டும் அதற்கு இல்லை.

அதனால்தான் நமது கசப்புக்கு வேம்பைவிடக் காப்பி பொருத்தமான உவமை என்று சொல்ல வருகிறேன். எந்தக் குழந்தைக்கும் காப்பியின் கசப்பு பிடிப்பதில்லை. பழக்கித்தான் கொள்கிறோம், பழகிய பிறகு அது இல்லாமல் காலை விடிவதில்லை, கடைசியில் டிகாக்ஷனின் திண்மையை வைத்து ஆளை எடைபோடவும் ஆரம்பித்துவிடுகிறோம். 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981இல் வந்தபோது எங்களுக்கு நேர்ந்தது இதுதான். சுந்தர ராமசாமி உருவாக்கிய அந்தக் கற்பனை மலையாள எழுத்தாளனின் நிராகரிப்புகள் அவனளவில் சம்பாதித்தவை. விலை கொடுத்து அடைந்தவை. நாங்கள் விலை கொடுக்காமல் நிராகரிக்கக் கற்றுக்கொண்டோம். பத்துப் பேர் கூடினால் ஒன்பது பேர் ஜே.ஜே. மாதிரிப் பேசிய சில வருஷங்கள் உண்டு. பத்தாவது ஆள் அநேகமாகக் காப்பி கொண்டுவந்த பெண்மணி.

நாக்குகள் ஒன்றல்ல என்பதற்கு ஒரு தகவல். 1931இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க ரசாயனக்காரர் ஒரு பொடியை ஜாடியில் கொட்டும்போது தூள் காற்றில் பறந்தது. பக்கத்திலிருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கு எந்தச் சுவையும் தெரியவில்லை. பிடிசி எனப்படும் அந்தப் பொருள் சிலருக்குக் கடுங்கசப்பு, சிலருக்கு ஒன்றுமில்லை, பிறப்பில் வருவது. இதற்குக் காரணமான மரபணு 2003இல் அடையாளம் காணப்பட்டது. ஒரு கவிதையில் கசப்பே இல்லை என்று நான் சாதிக்கும்போதெல்லாம் இந்த ஃபாக்ஸ் நினைவுக்கு வருகிறார். எனது சந்தேகம் பிறப்பில் வரும் வேறொன்றைப் பற்றியது. அதை ஆராய ரசாயனம் வேண்டாம், டீக்கடை போதும்.

மலைக் காப்பி கீழே இறங்கிப் பதமாகிற ஊர்களில் ஒன்று பட்டிவீரன்பட்டி. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனின் ஊர். ஓட்டல் பலகையில் பிராமணாள் என்று எழுதிவைத்ததை அந்த இயக்கம் அழிக்கச் சொன்னது. பலகைகள் போயின. ஆனால் தமிழ்நாட்டின் பல கிராமங்களில் அதற்கு வெகுகாலம் பிறகும் டீக்கடையில் இரண்டு குவளைகள் இருந்தன. சில இடங்களில் குவளைகூட இல்லை, சிரட்டை. ஒரே பாய்லர், ஒரே தூள், ஒரே சர்க்கரை. இரண்டு குவளையிலும் டீ இனித்திருக்கும். ஆறு சுவைக்குள் அடங்காத ஒரு கைப்பு குவளையில் இருந்தது, டீயில் அல்ல. நாக்கு அதைக் காட்டிக்கொடுக்காது. பக்கத்துப் பெஞ்சில் கண்ணாடிக் கிளாஸில் குடித்துக்கொண்டே மனித வாழ்வின் கசப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது நமக்குச் சாத்தியமாக இருந்தது.

பூமணியின் 'பிறகு' 1979இல் வந்தது, ஜே.ஜே.க்கு இரண்டு வருஷம் முன்னால். கரிசல் கிராமத்தில் தோல்வேலை செய்யும் சக்கிலியர் அழகிரியின் வாழ்க்கை. கசப்பதற்கு அத்தனை காரணமும் இருக்கும் இடத்தில் ஆசிரியன் வாயைத் திறப்பதில்லை. அழகிரியும் தத்துவம் பேசுவதில்லை. வேலை செய்கிறான், பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்கிறான், குடும்பத்தைச் சுமக்கிறான். யதார்த்தவாதம், வட்டார நாவல் என்று இரண்டு சீட்டு ஒட்டி அதை வேறு அலமாரியில் வைத்தோம். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறது. தலித்துகளுக்குத் துணி வெளுக்கும் வண்ணாத்தி ஆரோக்கியம் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி வருகிறாள். எத்தனை வீட்டுக் குழம்பு ஒரே சட்டியில் கலந்திருக்கும்! அந்தச் சோற்றின் சுவைக்கு நம்மிடம் சொல் இல்லை. அவளுக்கு வருத்தம், எந்த வீட்டில் போடாமல் விட்டார்கள் என்பது. இந்த நாவலின் மேல் எழுந்த விவாதங்களில் அது யார் பக்கம் நிற்கிறது என்று நிறையப் பேசியாயிற்று. அதன் குரலில் மேட்டிடம் இல்லை என்பதை அவ்வளவாகப் பேசவில்லை. மதுரையில் ஜி. நாகராஜனையும் இப்படித்தான் தவறவிட்டோம். 'நாளை மற்றுமொரு நாளே' (1974) நூலின் கந்தனுக்கு வாழ்க்கை கசந்துபோனதாக ஒருபோதும் தோன்றுவதில்லை. அவனுக்குப் பதிலாகக் கசந்துகொள்ளும் வேலையை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அப்போது ஒரு சிறு இதழுக்கு அதைப் பற்றி எழுதினேன். சமீபத்தில் பழைய இதழ்களைப் புரட்டும்போது அந்த மதிப்புரை அகப்பட்டது. ஆதரவாகத்தான் எழுதியிருக்கிறேன், உள்நோக்கம் எதுவுமில்லை. ஊர்க்காரர்களுக்கு வைத்த பட்டப்பெயர்களும், பிள்ளைகளின் கூத்தும், வேலைக்குப் போகும் வழியில் பெண்கள் அடிக்கும் கேலியுமாக அந்தப் புத்தகத்தில் சிரிப்பு நெடுகிலும் இருக்கிறது. மதிப்புரையில் கசப்பு என்ற சொல் நான்கு இடங்களில் வருகிறது. சிரிப்பு என்ற சொல்லைத் தேடினேன். இல்லை.